பூட்டை மாற்றுவதா, உள்ளே இருக்கும் பின்னை மட்டும் மாற்றுவதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மேலே குடியிருப்பு, கீழே எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம். முன்பு இருந்தவர்கள் யார் யாரிடம் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. வாசல் பூட்டு வேறு அடம்பிடித்துத்தான் திரும்புகிறது. ஒருவர் எல்லாப் பூட்டையும் கழற்றிப் புதுசு போடச் சொல்கிறார், இன்னொருவர் டிஜிட்டல் பூட்டுக்கு மாறச் சொல்கிறார். எதைச் செய்வது?

இதற்குள் மூன்று பிரச்சினைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒன்று. பூட்டு தேய்ந்துவிட்டதா என்பது இன்னொன்று. கதவும் நிலையும் உறுதியாக இருக்கின்றனவா என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பெரும்பாலும் பூட்டின் உள்ளே இருக்கும் பின்களை, அதாவது குட்டி உலோகக் குச்சிகளை, மாற்றினாலே போதும். இரண்டாவதற்குத்தான் புதுப் பூட்டு. மூன்றாவதை எந்தப் பூட்டும் தீர்க்காது. கதவில் கோளாறை வைத்துக்கொண்டு பூட்டுக்குச் செலவு செய்வதுதான் வழக்கமாக நடக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். திறந்த கதவில் சுலபமாகத் திரும்பி, சாத்திய கதவில் மட்டும் அடம்பிடித்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் ஓட்டைக்கு நேராகப் போகவில்லை, அவ்வளவுதான். கதவு நாளடைவில் தொங்கியிருக்கும், இல்லையென்றால் ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். மேல் கீலின் ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சும்மா சுற்றினால் இன்னும் நீளமான ஸ்க்ரூ போடுங்கள், அல்லது ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து அடைத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் நாக்கின் முனையில் சாக்பீஸையோ லிப்ஸ்டிக்கையோ தடவி, கதவைச் சாத்திப் பூட்டப் பாருங்கள். நிலையில் இருக்கும் தகட்டில் எங்கே கறை படுகிறதோ அங்கே அரத்தால் கொஞ்சம் ராவினால் வேலை முடிந்தது.

திறந்த கதவிலும் சிக்குகிறதா? அடுத்த சந்தேகம் பூட்டின் மேல் அல்ல, சாவியின் மேல். பழைய வீடுகளில் கைக்கு வரும் சாவி நகலுக்கு நகல் எடுத்ததாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் சின்னப் பிழை ஒன்று சேரும். ஷ்லேக் கம்பெனிப் பூட்டுகளில் சாவியின் ஒரு வெட்டு ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் இடையே 0.38 மி.மீ. மட்டுமே வித்தியாசம். இப்படி இருக்கும்போது இரண்டு மூன்று நகல் தாண்டியதுமே பூட்டு முரண்டு செய்யத் தொடங்கிவிடும். அப்புறம் தூசி. கையில் கிடைக்கும் எண்ணெயை ஊற்றாதீர்கள்; முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கசடாகிவிடும். கிராஃபைட் தூள் அல்லது டெஃப்லான் கலந்த உலர் ஸ்ப்ரே, இரண்டில் ஒன்று போதும். ஏற்கெனவே எண்ணெய் ஊறிய பூட்டில் கிராஃபைட்டைப் போட்டால் பசைபோலக் கெட்டியாகிவிடும் என்பதால் முதலில் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இனி சாவி. முன்பு குடியிருந்தவர், வாடகைக்கு இருந்தவர், வேலைக்கு வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டைக் காட்டிய தரகர், பெயின்ட் அடித்தவர் என்று எத்தனை கைகளில் அந்தச் சாவி சுற்றியிருக்கும் என்று உங்களால் கணக்கெடுக்க முடியாது. யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, ஒரு சாவி எங்கோ தொலைந்திருந்தாலே போதும். ஆகவே குடிபோகும் முன், குறைந்தது முதல் வாரத்துக்குள், வெளிக்கதவுகள் எல்லாவற்றுக்கும் சாவி மாற வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சாவி மாற வேண்டும் என்றால் பூட்டு மாற வேண்டும் என்பதில்லை. இன்று பரவலாக இருக்கும் பின் டம்ளர் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லைனஸ் யேல் ஜூனியர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற அமைப்புதான் அடிப்படை. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. அசையாத ஒரு கூடு, அதற்குள் சாவியோடு சேர்ந்து சுற்றும் ஓர் உருளை. கூட்டையும் உருளையையும் ஊடுருவி ஐந்தோ ஆறோ குட்டித் துளைகள். ஒவ்வொரு துளையிலும் சாவியைத் தொடும் பின் ஒன்று, அதன் பின்னால் தடுப்புப் பின் ஒன்று, அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் ஒன்று. சாவி இல்லாதபோது தடுப்புப் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் நின்று உருளையைத் திரும்பவிடாது. சரியான சாவி நுழைந்ததும் அதன் வெட்டுகள் பின்களைத் தேவையான அளவு மட்டும் நகர்த்தும். இரண்டு பின்களும் சேரும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை திரும்பும்.

ரீகீ என்று சொல்கிறார்களே, அது இந்தச் சாவிப் பின்களை மட்டும் வேறு நீளத்துக்கு மாற்றுவது. கூடும் உருளையும் சேர்ந்த பாகமான சிலிண்டரைக் கழற்றி, பின்பக்கம் இருக்கும் கிளிப்பை எடுத்து, சாவியைப் போட்டு உருளையைச் சற்றுத் திருப்பி, அதே விட்டமுள்ள ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே உருளையை வெளியே எடுப்பார்கள். அந்தக் குச்சி தடுப்புப் பின்களும் ஸ்பிரிங்குகளும் கூட்டிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ளும். புதுச் சாவிக்குப் பொருத்தமான பின்களைப் போட்டு மறுபடி சேர்த்தால் பழைய சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. பழக்கமுள்ளவருக்கு ஒரு சிலிண்டருக்குப் பத்து, பதினைந்து நிமிட வேலை. இதற்கான கிட் வாங்கி நீங்களே செய்யலாமா என்றால், பொறுமை இருந்தால் செய்யலாம். குச்சி இல்லாமல் உருளையை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அரிசி மணியைவிடச் சின்ன ஸ்பிரிங்குகளை வீடு முழுக்கத் தேட வேண்டி வரும்.

சாவித் துவாரத்தின் வடிவம் ஒன்றாக இருந்தால், பின் மாற்றும் அதே வேளையில் வாசல், பின்கட்டு, மாடிக் கதவு எல்லாவற்றையும் ஒரே சாவிக்குக் கொண்டுவந்துவிடலாம். வெவ்வேறு கம்பெனிப் பூட்டுகள் என்றால் சாவி உள்ளேயே நுழையாது, அப்போது ஏதாவது ஒன்றின் சிலிண்டரை மாற்ற வேண்டும். பிரிக்காமலே சாவியை மாற்றிக்கொள்ளும் பூட்டுகளும் உண்டு, க்விக்செட்டின் ஸ்மார்ட்கீ மாதிரி. இப்போதைய சாவியைப் போட்டுத் திருப்பி, கூடவே தந்த கருவியை ஓட்டையில் குத்தி, புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினால் முடிந்தது. ஆனால் வேலை செய்யும் சாவி ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

லீவர் பூட்டு வேறு ஜாதி. நீண்ட தண்டும் முனையில் கொடி மாதிரி வெட்டும் உள்ள சாவி என்றால் உங்களுடையது அதுதான். 1778-இல் ராபர்ட் பாரன் கொண்டுவந்த யோசனை: உள்ளே இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றும் குறைவாகவும் உயரக் கூடாது, அதிகமாகவும் உயரக் கூடாது, அத்தனையும் சரியான உயரத்தில் நின்றால்தான் நாக்கு நகரும். இதிலும் தகடுகளை மாற்றிச் சாவியை மாற்றலாம், ஆனால் அந்தத் தகடுகள் கிடைக்க வேண்டும், செய்யத் தெரிந்தவரும் கிடைக்க வேண்டும். நடைமுறையில் அதே அளவுள்ள புதுப் பூட்டைப் பழைய பள்ளத்திலேயே பொருத்துவதுதான் சுலபம்.

புதிதாக மாற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. உருளை ஆடுகிறது, சாவி பாதியில் இருக்கும்போதே திரும்புகிறது, பூட்டிய நாக்கை விரலால் தள்ளினால் உள்ளே போகிறது, யாரோ ஏற்கெனவே நெம்பிப் பார்த்த அடையாளம் இருக்கிறது என்றால் பின் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். சாத்தினால் தானே விழும் சாய்வு நாக்கு மட்டும் உள்ள கதவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் விட்டே அதைத் தள்ளிவிடலாம். வெளிக்கதவுக்குச் சாவியால் பூட்டினால் நேராக நீளும் கெட்டி நாக்கு வேண்டும்.

கதவின் இரண்டு பக்கமும் ஒரே சிலிண்டர் ஊடுருவிப் போகும் யூரோ வகை உங்கள் கதவில் இருந்தால் வேலை இன்னும் எளிது. பூட்டு அப்படியே இருக்கட்டும், சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள். கதவின் விளிம்பில், சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பி, நடுவில் இருக்கும் துருத்தல் சிலிண்டரின் உடலோடு ஒட்டியதும் இழுத்தால் வந்துவிடும். அளவு எடுக்கும்போது கவனம். மொத்த நீளம் மட்டும் போதாது. ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து வெளிமுனை வரை ஓர் அளவு, உள்முனை வரை ஓர் அளவு. 35-45 என்பதும் 40-40 என்பதும் மொத்தம் 80 மி.மீ.தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நீட்டல் அழகுப் பிரச்சினை இல்லை. ஸ்க்ரூ போகும் இடம்தான் சிலிண்டரின் மிக மெல்லிய பகுதி. வெளியே துருத்தும் முனையைக் கருவியால் பிடித்து ஒடித்தால் சரியாக அங்கேதான் முறியும், முறிந்ததும் நாக்கை இழுத்துவிடலாம். கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.-க்கு மேல் வெளியே தெரியக் கூடாது. புதிதாக வாங்குவதானால், முன்பகுதி மட்டும் முறிந்து மீதி பூட்டியபடியே நிற்கும்படி செய்த சிலிண்டராகப் பாருங்கள். இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: சாதாரண யூரோ சிலிண்டரில் உள்பக்கம் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து பல நேரம் திறக்க முடியாது. உள்ளே வயதானவர் தனியாக இருக்கிறார் என்றால், இரண்டு பக்கமும் சாவி இருந்தாலும் திறக்கிற வகை இருக்கிறது, அதை வாங்குங்கள்.

புதுப் பூட்டு பொருத்தும்போது எல்லோரும் பூட்டையே பார்க்கிறார்கள். நான் நிலையைப் பார்ப்பேன். உதைத்துத் திறந்த கதவுகளில் நாக்கு அப்படியே முழுசாக நீண்டிருக்க, அதைப் பிடித்திருந்த நிலைதான் பிளந்து கிடக்கும். காரணம் எளிது. நிலையில் இருக்கும் தகட்டைப் பூட்டோடு வரும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள்தான் தாங்குகின்றன. அவை ஓரத்து மரத்தில் மேலோட்டமாக இறங்கியிருக்கும். மரச்சட்டச் சுவராக இருந்தால் 75 மி.மீ. ஸ்க்ரூ போட்டு, நிலையைத் தாண்டி உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடிக்க வையுங்கள். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்டுஃபாஸ்ட் ஆட்டம் காணாமல் இருக்கிறதா பாருங்கள். ஆடினால் நிலை வழியாகவே சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறக்கச் சொல்லுங்கள். செலவு என்று பார்த்தால் பூட்டு விலையில் ஒரு துணுக்குகூட வராது. பாதுகாப்பில் இதற்கு இணையான மாற்றம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நாக்கு போய் உட்காரும் ஓட்டையின் ஆழமும் முக்கியம். நல்ல பூட்டில் நாக்கு சுமார் 25 மி.மீ. நீளும். ஓட்டை 15 மி.மீ.தான் குடைந்திருந்தால் நாக்கு பாதியில் நின்றுவிடும். முழுக்க நீண்டால்தான் பல பூட்டுகளில் நாக்கு உள்ளிருந்து இறுகிக்கொள்ளும். பாதியில் நிற்கும் நாக்கைத் தள்ளிவிட முடியும். இது கண்ணுக்குத் தெரியாத குறை. சாவி முழுச்சுற்று போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கதவுக்குள் புதைக்கும் பூட்டு என்றால் கதவின் தடிமனை அளந்துவிட்டு வாங்குங்கள். 35 மி.மீ. கதவில் 18 மி.மீ. பள்ளம் குடைந்தால் இரண்டு பக்கமும் எட்டு, ஒன்பது மி.மீ. மரம்தான் மிஞ்சும், கதவின் பலவீனமான இடமே பூட்டு இருக்கும் இடமாகிவிடும். ஃப்ளஷ் கதவுகளில் பூட்டுக்கென்று ஒரு பக்கம் மட்டும் கட்டை வைத்திருப்பது உண்டு, தட்டிப் பார்த்துத் துளை போடுங்கள். விளிம்பிலிருந்து சாவித் துவாரத்தின் நடுவரை உள்ள தூரம் பழைய பூட்டுக்கும் புதியதற்கும் ஒத்துப்போனால் பழைய ஓட்டைகளையே பயன்படுத்தலாம். வட்டத் துளை போடும்போது ஒரு பக்கத்திலிருந்தே முழுக்க ஓட்டாமல், நடுவரை வந்ததும் மறுபக்கம் போய் முடித்தால் மரம் பிசிறு தெறிக்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் கீலின் ஆணி வெளியே இருக்கும். பூட்டைத் தொடாமல் அந்த ஆணியைத் தட்டிக் கழற்றலாம் என்பதால், கீல் பக்கத்திலும் நிலைக்குள் போய் மாட்டும் முளை ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை மட்டும் வெளியேறும் வழியில் வைக்காதீர்கள். புகை சூழ்ந்த இருட்டில் யாரும் சாவி தேட முடியாது. கதவில் கண்ணாடி இருக்கிறது, உடைத்துக் கையை விட்டுத் திறந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்குக் கண்ணாடியைப் பலமானதாக மாற்றுங்கள்.

அலுவலகத்துக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். 1883-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் விக்டோரியா ஹால் அரங்கில் 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். ஓர் ஆள் மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழ்போட்ட, உள்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். 1892-இல் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் காப்புரிமை பெற்ற, உடலால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பி அதன் விளைவாக வந்ததுதான். உங்கள் பின்வாசலில் அந்தக் கம்பி இருந்தால், திருட்டுப் பயத்தில் அதன்மேல் சங்கிலியும் தொங்குபூட்டும் போடும் வேலை வேண்டாம். வெளியே கைப்பிடியே இல்லாத, உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் அமைப்பு இரண்டு தேவைக்கும் போதும். தீத்தடுப்புக் கதவு என்றால் அதில் புதிதாக ஓட்டை போடுவதற்கு முன்பே கேளுங்கள். கண்டபடி குடைந்தால் அதன் தீ தாங்கும் தகுதி போய்விடும்.

எட்டுப் பேர் அலுவலகத்துக்கு எல்லாப் பூட்டையும் திறக்கும் மாஸ்டர் சாவி வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். மாஸ்டர் அமைப்பில் பின்களுக்கு நடுவே கூடுதலாக ஒரு சில்லு வைப்பார்கள், அதனால் ஒரே பூட்டு இரண்டு உயரங்களில் திறக்கும். திறக்கும் இடங்கள் கூடினால் பூட்டு அந்த அளவுக்கு இளகும். 2003-இல் மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர், சாதாரண ஊழியரிடம் இருக்கும் ஒரு சாவியும் அந்தப் பூட்டும் இன்னும் வெட்டு போடாத சில வெற்றுச் சாவிகளும் இருந்தாலே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். நூறு அறை இருக்கும் இடத்தில் வேறு வழியில்லை. உங்களுக்கு வாசலும் பொதுக் கதவுகளும் ஒரே சாவி, பணமும் கோப்புகளும் இருக்கும் அறைக்குத் தனிச் சாவி, அது இரண்டு பேரிடம் மட்டும்.

ஆட்கள் அடிக்கடி மாறும் இடமென்றால், தனிக் கட்டுப்பாட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்பாகம் மட்டும் கழன்று வரும் பூட்டுகள் இருக்கின்றன. வேறு உள்பாகத்தைச் செருகினால் அந்த நிமிடமே பழைய சாவிகள் செல்லாது. அனுமதி இல்லாமல் வெற்றுச் சாவி விற்காத கட்டுப்பாட்டு வகையும் உண்டு. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய வடிவத்தை அந்தப் பெயரில் விற்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். ‘நகல் எடுக்கக் கூடாது’ என்று சாவியில் பொறித்திருப்பது வெறும் எழுத்துதான், மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. சாவிகளுக்கு எண் போட்டு, யாரிடம் எது என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். சாவியைப் படமெடுத்து எங்கும் போடாதீர்கள். 2008-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் சுமார் 60 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

வாசலில் காந்தப் பூட்டு போட நினைத்தால், மின்சாரம் போனால் அது திறந்துகொள்ளும் என்பதை மறக்காதீர்கள். உயிர்காக்க அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே இரவில் பூட்டத் தனியாக ஒரு சாவிப் பூட்டு கட்டாயம்.

டிஜிட்டல் பூட்டு: எண்ணை மாற்றினால் சாவி மாறியது மாதிரிதான், அந்த வசதி உண்மை. ஆனால் மேலே சொன்ன தொங்கும் கதவில் அதைப் போட்டால் மோட்டார் ஒவ்வொரு முறையும் நாக்கை இழுத்துத் தள்ளி, பேட்டரி சீக்கிரம் தீரும். மூடிக்குக் கீழே அவசரச் சாவித் துவாரம் இருந்தால் அந்தச் சிலிண்டரின் தரத்தையும் பாருங்கள், திருடன் வருவது அந்த வழியாகத்தான். ஏற்கெனவே வீட்டில் டிஜிட்டல் பூட்டு ஒன்று இருந்தால் அதை முழுக்க ரீசெட் செய்து பழைய கைரேகை, எண், முன்னவரின் ஆப் கணக்கு எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும்.

கடைசியாக, வேலைக்கு வருபவர். சாவி தொலைந்த சாதாரணப் பூட்டைத் திறக்க வந்தவுடனே டிரில் மெஷினை எடுப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தொழில் தெரிந்தவருக்கு அது கடைசி வழி. கூலியும் பொருள் விலையும் தொடங்கும் முன்பே தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அவர் இருக்கும்போதே புதுச் சாவிகள் அத்தனையையும், ஒன்று விடாமல், முதலில் திறந்த கதவிலும் பிறகு சாத்திய கதவிலும் போட்டுப் பாருங்கள். பழைய சாவியையும் எல்லாப் பூட்டிலும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் திரும்பினால் அந்தச் சிலிண்டரை அப்போதே மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள்.